கைப்பிடி இல்லாத கதவு

வாரன், மிச்சிகன்
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

என் அருமை ரெனட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அலாஸ்காவில் அந்தக் கோடியாக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா சமையலறையை விட்டு நகர்வதில்லை, நான் ரிசீவரை எடுத்தாலே அவருக்குக் காபி குடிக்கத் தோன்றிவிடுகிறது. அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயம் நம் ஷெவெல் காரைப் பற்றியது. நீ பதினாறு வயதில் அப்பாவோடு கராஜில் படுத்துப் புரண்டு முன் மட்கார்டு மாற்றினாயே, என் காலத்துக்குப் பிறகு இது ரெனட்டாவுக்குத்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாரே, அதே அறுபத்தேழாம் வருஷத்து ஷெவெல். இப்போது அதன் கதவுகளில் கைப்பிடி கிடையாது. உடைந்துவிட்டது என்று நினைக்காதே, வேண்டுமென்றே கழற்றி, ஓட்டையை மூடி, மேலே பெயின்டும் அடித்தாகிவிட்டது. டிக்கியில் சாவித் துவாரமும் இல்லை. உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று சாதிக்கிற மனுஷன். வுட்வர்ட் சாலைப் பழைய கார் ஊர்வலத்தில் கைப்பிடி எடுத்த கார் எதையாவது பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "சோப்புக்கட்டிக்கு நாலு சக்கரம் மாட்டி ஓட்டிட்டு வந்துட்டான் பாரு. ஏம்ப்பா, உள்ள எப்படிப் போவ, வழுக்கிக்கிட்டா?" என்று கத்துவார். நான்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பேன். அந்த மனுஷன் இப்போது சோப்புக்கட்டி ஓட்டுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு மாறுதலுக்குத்தான் லொரேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கம்பெனிக் கடுகு விழுதைத் தவிர வேறு எதையும் ரொட்டியில் தடவாதவருக்கு என்ன மாறுதல் வேண்டியிருக்கிறது, நீயே சொல்.

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. முதலில், காரை விற்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் ஏப்ரலில் டொலீடோவிலிருந்து ஒரு ஆள் வந்து, கதவைத் திறந்து மூடி, அளவு நாடா வைத்து அளந்து, குனிந்து அடியிலெல்லாம் பார்த்துவிட்டுப் போனான். நான் காபி கொண்டுபோனதும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உன் காரை உன்னைக் கேட்காமல் எவனோ ஒருவனின் ருசிக்கு வெட்டித் தைத்துக் கொடுக்கப் போகிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது, சிரிக்காதே. ஈஸ்டரிலிருந்து அவர் பொத்தான் வைத்த சட்டையைத் தொடுவதில்லை, தலைவழியாக மாட்டுகிற பனியன் சட்டைதான். கயிறு கட்டுகிற பூட்ஸ் போய், சும்மா காலை நுழைக்கிற ஜோடு வந்தது. கார் மினுமினுப்பு, ஆள் மினுமினுப்பு, இந்த வயதில் யாருக்காக இந்த இளந்தாரி வேஷம்? சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போனபோது அவர் எந்த மேஜையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் என் தட்டு ஆறிப்போனது. அவர் மீனைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் நண்டுக் காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன். கைப்பிடி இருந்த இடத்தில் வைத்தேன். விழவில்லை, கப்பென்று பிடித்துக்கொண்டது. தகடு அடிக்கும் ஆலையில் வேலை பார்த்தவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கா தெரியாது? விற்கப் போகிறவன் ஓட்டையைப் பட்டி போட்டு மூடுவான், பட்டியில் காந்தம் நிற்காது. அளவாகத் தகடு வெட்டிப் பற்றவைத்து, ராவி, நேர் பார்ப்பது தனக்கென்று வைத்துக்கொள்கிறவன் வேலை. அப்படியானால் விற்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், எனக்கோ சந்தேகம் இரண்டு மடங்கானது. வேறு ஒருவருக்காகவும் இல்லை, அவருக்கே பிடிக்காத காரியம், பின்னே எதற்கு?

நேரே டெல்பர்ட்டின் டிங்கரிங் பட்டறைக்குப் போனேன், கையில் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை ஒரு டப்பா. அவன் உன் அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவன், என் பியரோகிக்கு உயிரை விடுவான். அன்றைக்கு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. "என்னை எதுவும் கேக்காத லொரேன். உன் வீட்டுக்காரன் ஸ்டாஷ் சத்தியம் வாங்கியிருக்கான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டெல்பர்ட், பொம்பளை விவகாரமா?" என்று கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. "அவனுக்கு உன்னையே சமாளிக்க முடியல" என்றான். சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை எல்லாம் விளங்கியது. பான்கேக் கடைக்கு வெளியே வழக்கம்போல் பழைய கார்க்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் அந்த வெண்டல் விடுவானா, "என்ன ஸ்டாஷ், எந்த சோப்பு இது, வாசனை சோப்பா துணி சோப்பா?" என்று ஆரம்பித்தான். அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிறவர், இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, "உனக்குப் பொறாமைடா" என்று கூடவே சிரித்தார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அவர் கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கதவுக்குக் கீழே ஓரத் தகட்டின் அடியில் ஜோட்டு நுனியால் எதையோ தட்டினார், கதவு தானாக விட்டுக்கொடுத்தது. முழங்கையால் தள்ளி உள்ளே உட்கார்ந்தார். டொலீடோ ஆள் அளந்துகொண்டு போனது இந்த வித்தைக்குத்தான். நான் வருமுன்பே இரண்டு கதவையும் திறந்து வைத்துவிடுவார், அதனால்தான் இதுவரை என் கண்ணில் படவில்லை.

பழைய கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும், கட்டைவிரலால் பலமாக அழுத்தினால்தான் திறக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். மார்ச்சில் மளிகைக் கடைக்கு வெளியே, குளிரில், அந்தக் கதவுக்கு முன்னால் பையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார், நான் வந்து திறக்கும்வரை. சாவி தேடுகிறேன் என்றார். சாவி அவர் கையிலேயே இருந்தது. சட்டைப் பொத்தான், பூட்ஸ் கயிறு, எல்லாம் ஒரே சமயத்தில் என் தலையில் இறங்கின. உன் பிறந்தநாள் அட்டையில் அவர் பெயரையும் நானே எழுதினேன், கை முழுக்க கிரீஸ் என்றார், கை சுத்தமாக இருந்தது. நான் என்னவோ வேறு பெண்ணைத் தேடி மீன் தட்டை ஆறவிட்டேன். விரலில் பிடிமானம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, தன் உயிரான காரை வெட்டி, தான் ஊரைச் செய்த கேலியையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மழையில் நனைந்துகொண்டே போய், என் பக்கக் கதவையும் அப்படியே காலால் தட்டித் திறந்து ஏறி உட்கார்ந்து, "உள்ள வர இவ்வளவு நேரமா?" என்று அவர் கேட்டதற்கு, "செருப்பு வழுக்குது" என்றேன்.

நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் இல்லவே இல்லை என்பார், டாக்டரிடமும் வரமாட்டார். ஆகையால் என் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன், என் மணிக்கட்டு வலிக்கிறதாம், துணைக்கு அவர் வருகிறாராம். உள்ளே போனதும் டாக்டர் யார் கையைப் பிடிக்க வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். அதுவரை வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பயிற்சி விட்டுப்போய்விடும் என்று சாக்கு. உன் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. போன மாதம் அட்டை கிடைத்ததும், அப்பா எழுத்தைக் காணோமே என்று ஏன் கேட்டாய்? உனக்கு முன்பே தெரியும் என்றால் அதற்குத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

நீ வேலை செய்கிற அந்த மீன் கம்பெனியில் கைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், கையுறை இல்லாமல் ஐஸைத் தொடாதே. கடவுள் உன்னை எப்போதும் துணையிருந்து காக்கட்டும், உன் எண்ணமெல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஆகஸ்டில் நீ வரும்போது அப்பா அந்தக் காரில்தான் ஏர்போர்ட்டுக்கு வருவார், நான் பக்கத்தில் இருப்பேன். பாவம் என்று கதவைத் திறக்க ஓடாதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலால் தட்டும்வரை நில். கதவு திறந்ததும், என்னப்பா இது சோப்புக்கட்டி என்று வாய்விட்டுச் சிரி. நீ கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா லொரேன்

(அப்பா பெயரையும் நான்தான் எழுதுகிறேன்: ஸ்டாஷ்)