ஏனுங்க, ஒரு கை வின்ச் வாங்கினேன்

என் அன்புள்ள ஏனுங்க,

முப்பத்தைந்து வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது புதிதாகப் பேரைப் போட்டு எழுதினால், யாருக்கோ வந்த கடிதம் என்று ஓரமாக வைத்துவிடுவீர்கள். அதனால் ஏனுங்க என்றே இருக்கட்டும்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பீளமேட்டில் எல்லாரும் சுகம். லேத் பட்டறையை உங்கள் ஆட்களே ஓட்டுகிறார்கள். கவிதாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்துக்கொண்டு வேலை. உங்கள் ஜீப்பை நான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே?

வாரம் ஒருமுறை ஆனைமலை அடிவாரத்துத் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். தென்னைக்கு நடுவே நீங்கள் வைத்த ஜாதிக்காய் இந்த வருடம்தான் நன்றாகக் காய்த்திருக்கிறது. போன மாதம் மழை பெய்த மறுநாள், தோட்டத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் குறைவுதானே என்று ஜீப்பை இறக்கினேன். அக்கரை மேட்டில் ஏறும்போது நான்கு சக்கரமும் சேற்றில் உட்கார்ந்துகொண்டன. போனில் சிக்னல் இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் அண்ணன் டிராக்டரோடு வரும் வரை மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டேன், பயமெல்லாம் இல்லை. ஆனால் சென்னியப்பன் அண்ணன் கவிதாவிடம் சொல்லிவிட்டார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் கேளுங்க," என்றாள் உங்கள் மகள். கோபம் வந்தால் அவளுக்கும் உங்களைப் போல மரியாதை கூடிப்போகிறது. "மாட்டுன வண்டிய நீங்களே தனியா வெளிய எடுத்துக் காட்டுங்க. அப்பறம் நான் வாயே தெறக்கல. முடியாதுன்னா ஜீப்ப வித்துப்போடலாம்ங்க."

ஜீப் போனால் தோட்டமும் போன மாதிரிதான். அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேறு எந்த வண்டியை நம்புவது? அப்போதுதான் ஷெட்டில் சாக்குப்பையில் சுற்றித் தொங்கவிட்டிருந்த உங்கள் பழைய கை வின்ச், மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பி போட்டுக் கையாலேயே இழுக்கிற அந்தச் சாமான், நினைவுக்கு வந்தது. அதை நீங்கள் தொட்டே பதினோரு வருடம் இருக்குமே. மாட்டிக்கொண்ட போதெல்லாம் டிராக்டரைத்தான் கூப்பிட்டீர்கள். ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை பாருங்கள்.

எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி எனக்கு. புது மிக்ஸியைப் பிரித்ததற்கு நீங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வின்ச்சையும் தரையில் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு கவ்விகள் இருக்கின்றன. நெம்புகோலை முன்னால் தள்ளினால் ஒன்று கம்பியைப் பிடித்து இழுக்கிறது, பின்னால் இழுத்தால் அது விட்டுக்கொடுக்க மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுக்கிற மாதிரியேதான். எவ்வளவு எளிதான யோசனை! கம்பிதான் துருவேறி, பாதியில் அறுந்து கிடந்தது. எப்போது அறுந்தது?

டவுன்ஹால் பக்கம் இரும்புச் சாமான் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நம் வயதுக்காரர், பொறுமைசாலி. கம்பியை மட்டும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் நெம்புகோலின் அடியில் இருந்த சின்னப் பின்னைக் கழற்றி, அரத்தால் ஒரு தேய் தேய்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது.

"இது கம்பெனி பின்னு இல்லீங்கம்மா. யாரோ லேத்துல கடைஞ்சு, டெம்பர் ஏத்திக் கெட்டிப்படுத்திப் போட்டிருக்காங்க."

"யாருன்னு எனக்குத் தெரியும்ங்க," என்றேன்.

எனக்குத் தெரியாதா? வாங்கின புதிதில் அந்தப் பின் இரண்டு தடவை முறிந்தது. 'என்ன சாமான் செய்யறானுங்க, சுண்ணாம்புல செஞ்ச மாதிரி' என்று திட்டிக்கொண்டே பட்டறைக்குப் போனீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. உடைந்த சாமானைப் பார்த்தால் அதைவிடக் கெட்டியாக ஒன்று செய்து போட்டால்தான் தூக்கம் வரும். 'என் லேத்துல வந்தது உடையாது' என்று அதைக் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன்.

கடைக்காரர் புது வின்ச்சிலிருந்து ஒரு பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிருதுவான உலோகம்.

"இது உடையறதுக்குன்னே வெச்சதுங்க. தாங்கற அளவுக்கு மேல இழுத்தா இது முறிஞ்சுபோயிரும். கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. இத முறியாமப் பண்ணிட்டா அப்பறம் முறியறது கம்பிதானுங்க. அறுந்த கம்பி எங்க போயி அடிக்கும்னு ஆருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அதே பள்ளம், நல்ல மழை. நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. நீங்களும் சென்னியப்பன் அண்ணனும் மேட்டில் மரத்தடியில் நின்று, நெம்புகோலின் நீளத்தைக் கூட்ட ஒரு குழாயைச் செருகி, இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். படார் என்று ஒரு சத்தம். என் முகத்துக்கு நேராகக் கண்ணாடி நட்சத்திரமாக விரிந்தது. ஓடிவந்து கதவைத் திறந்தீர்கள். 'மேல இருந்து கல்லு சரிஞ்சு விழுந்துபோச்சு, ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே' என்றீர்கள். நான் நம்பினேன். அந்த மேட்டில் கல் சரிவது புதிதில்லையே?

உண்மையாகவே கல்தானா?

அன்று மாலை சென்னியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"இப்ப எதுக்கு அம்மணி அதெல்லாம்?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தாங்ணா."

"கல்லுமில்லே ஒண்ணுமில்லே. கம்பி அந்துபோச்சு. கண்ணாடி மட்டும் கொஞ்சம் மெலிசா இருந்திருந்தா..." என்று நிறுத்தினார். "உங்க ஊட்டுக்காரரு மரத்துக்குப் பின்னால போயி உக்காந்து அழுதாருங்க. அவகிட்டச் சொல்லிப்போடாதீங்கண்ணா, இனி அவள இந்தப் பக்கமே கூட்டிட்டு வரமாட்டேன்னாரு."

அந்தக் கம்பி அறுவதற்கு முன்பு வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் சேர்ந்துதானே தோட்டத்துக்குப் போவோம்? அந்த மழைக்குப் பிறகு ஒருநாள்கூட என்னைக் கூப்பிடவில்லை நீங்கள். கேட்டால் வெயில் ஆகாது என்பீர்கள், முழங்கால் என்பீர்கள், பூச்சி என்பீர்கள். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கேட் வரை வருவேன். இந்த மனுஷனுக்கு என்னோடு இருப்பது சலித்துவிட்டது என்று நினைத்தேன். பதினோரு வருடம் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை, கவிதாவிடமும் சொல்லவில்லை.

பின்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்துபோயிருந்ததா? இல்லை, கம்பிதான் மோசம் என்று அதன் மேல் பழியைப் போட்டீர்களா? தெரிந்ததால்தான் வின்ச்சைச் சாக்கில் சுற்றி வைத்தீர்கள் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் முதல் வேலையாகப் பின்னை மாற்றியிருப்பீர்களே என்று மறு சமயம் தோன்றுகிறது. யாரிடம் கேட்பது?

கோபமும் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு நாள் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி கடைக்குப் போனேன். வின்ச் வாங்குவது புடவை எடுப்பதைவிடக் கஷ்டம். சின்ன உருளையில் கம்பி சுற்றுகிற வகை ஒன்று இருந்தது. கைக்கு அடக்கம், ஆனால் கம்பி நாலு மீட்டர்கூட இல்லை. நம் பள்ளத்துக்கும் முதல் மரத்துக்கும் நடுவே பதினைந்து மீட்டராவது இருக்குமே? கவ்வி இழுக்கிற வகையில் மூன்று டன் ஒன்றும், அதில் பாதி இழுப்பது ஒன்றும் இருந்தன. நீங்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று டன் எடுத்திருப்பீர்கள். நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். கடை வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன், தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியதை இருபது அடிக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. சேற்றில் அதைச் சுமப்பதும் நான்தான், நெம்புவதும் நான்தான். அதனால் சின்னதையே எடுத்தேன். இழுவையை இரட்டிப்பாக்க ஒரு கப்பி, மரத்தின் பட்டை உரியாமலிருக்க அகலமான பெல்ட், ஒரு டஜன் மிருதுவான பின்கள். உங்கள் எஃகுப் பின்னைப் பட்டறையில் பழைய இரும்பு போடும் வாளியில் போட்டேன்.

போன சனிக்கிழமை பரீட்சை. கவிதா ஆபீசுக்கு லீவு சொல்லாமலே வர முடிந்த நாள். சென்னியப்பன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார், உதவி செய்யக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஜீப்பை வேண்டுமென்றே சேற்றில் இறக்கினேன். மரத்தில் பெல்ட்டைச் சுற்றி, வின்ச்சை மாட்டி, கம்பியை ஜீப்பின் கொக்கியில் போட்டு, அறுந்தாலும் துள்ளாமலிருக்கக் கம்பியின் நடுவில் ஈரச்சாக்கை விரித்தேன். கவிதா வண்டிக்குள் ஏறப்போனாள். "அங்க வேண்டாம் கண்ணு, எட்டிப் போயி பக்கவாட்டுல நில்லு," என்றேன்.

தள்ளினேன், இழுத்தேன். கம்பி முறுக்கேறியது. ஜீப் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தள்ளு. டக்கென்று பின் முறிந்து, நெம்புகோல் கையில் தொளதொளவென்று ஆடியது. கம்பி அப்படியே நின்றது.

"அம்மா, போதுமுங்க, விட்டுருங்க," என்றாள் கவிதா. முகம் வெளுத்திருந்தது.

விடுவதா? ஏன் முறிந்தது என்று தெரிய வேண்டாமா? சக்கரத்துக்கு முன்னால் பார்த்தேன், கல் ஒன்றும் இல்லை. கொக்கியைப் பார்த்தேன். ஜீப்புக்குள் தலையை விட்டேன். ஹேண்ட்பிரேக் போட்டபடி இருந்தது. இறங்கும்போது பழக்கதோஷத்தில் நான்தான் போட்டிருக்கிறேன்.

சென்னியப்பன் அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிரேக்கை விடுவித்து, புதுப் பின்னைப் போட்டு, மறுபடி தொடங்கினேன். விரல்கடை விரல்கடையாக ஜீப் மேலே வந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. தோள் இன்னும் வலிக்கிறது. கவிதா ஜீப்பிலிருந்து சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த வாரம் நானும் வாரேன்ங்கம்மா. நெம்புகோலை நான் புடிக்கிறேன்," என்றாள். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் இவளா என்று நினைத்தேன். வேண்டாம் கண்ணு, உனக்கு ஆபீஸ் வேலை இருக்குமே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நிமிஷம்தான் உங்களை முழுசாகப் புரிந்தது.

அதனால் இந்த வாக்குக் கொடுக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். எனக்குப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது கண்ணு என்று அவளிடம் வாயைத் திறந்து சொல்வேன். நீங்களும் அன்றைக்கே சொல்லியிருந்தால், பயந்துகொண்டாவது உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருப்பேனுங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்