படகு முனையில் எழும்பாத துணி

ஜூன் 9, செவ்வாய்

திருமழிசை கம்பெனியில் எட்டு வருஷமாக ஃபைபர் துணி வெட்டுகிறேன். ரெசின் பசை தடவி ஒட்டும் மோல்டிங் மட்டும் ஆம்பளைங்க வேலையாம். யார் எழுதி வைத்தது?

இன்று முதலாளி ஒரு சின்ன மரப்படகைக் கொண்டுவந்தார். ஏரியில் ரிமோட்டில் ஓட்டுவதாம். மேலே துணி சரியாக ஒட்டிவிட்டால் இன்னும் பத்துப் படகு வரும். மோல்டிங் ஷெட் மேஸ்திரி வேம்புலி அண்ணன், தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் தடித்த ஃபைபர் துணியையே இதற்கும் போட்டார். கூரான விளிம்பிலெல்லாம் அது தூக்கிக்கொண்டது.

"ரெண்டு நாள் குடுங்க சார், நான் ஒட்டுறேன். சரியா வந்தா என்னை மோல்டிங்ல போடணும்." கேட்டேவிட்டேன்! முதலாளி சிரித்தார். சரி என்றார்.

ஜூன் 10

நாசம். மெல்லிய துணிதான் போட்டேன். அழுத்தினால் படிகிறது, கையை எடுத்தால் முனையில் எழும்புகிறது. உள்ளே காற்று.

"இன்னாம்மே மதி, படகு மூச்சு வுடுது போல கீதே?" என்றார் வேம்புலி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

அழ மாட்டேன். சுரண்டியாச்சு. நாளை ஒரு நாள் இருக்கிறது.

ஜூன் 11, காலை

பக்கத்து வீட்டு திவ்யாவின் ஜாக்கெட்டுக்குக் கழுத்துப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன் — அட மக்கு! வளைவுக்கு நேர்த்துணியா வைப்பேன்? மூலைவாட்டில் கிராஸ் பீஸ்தானே வெட்டுவேன்? கம்பெனியில் நேராக வெட்டியே பழகின கை!

மாலை

விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மழுக்கினேன். மூலைவாட்டில் வெட்டின துணிப் பட்டையை அதன்மேல் ஒட்டினேன். சொன்னபடி மடங்கிப் படிந்தது. பிறகுதான் இரண்டு பக்கத் துணியும்.

"கூர் போயிடுச்சேடி" என்றாள் என்னோடு வெட்டும் தாயம்மாள் அக்கா. காய்ந்ததும் பட்டி மாவு பூசித் தேய்த்தால் கூர் திரும்ப வந்துவிடும்.

ஜூன் 12

முதலாளி முனை முனையாகத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்திலும் பொக்கு இல்லை.

"சோக்கா கீது. இதே மாரி பட்டை வெட்டிக் குடுத்துடு மதி, நம்ம ஷெட்டு கோபி ஒட்டிக்குவான்" என்றார் வேம்புலி அண்ணன்.

முதலாளியைப் பார்த்தே சொன்னேன்: "நான் கேட்டது வெட்டுறதுக்கு இல்ல சார்."

முதலாளி படகைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். பேச்சு மாறிடுவாரோ? மாறட்டும். திங்கட்கிழமை கத்தரியைத் தொட மாட்டேன். சத்தியம்.

ஜூன் 15, திங்கள்

வெட்டு மேசையில் இன்று கோபி, மோல்டிங் ஷெட்டில் நான். பட்டையெல்லாம் நேராக வெட்டிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான். திருப்பி அனுப்பினேன்.