முப்பத்திரண்டு வீடு, முப்பத்தொரு நாள்

நாகல் நகர்,
திண்டுக்கல்.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஐரினுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாளே என்று கோபப்படாதே, மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, அப்பாவும் தங்கச்சியும் தூங்கிவிட்டார்கள், எனக்குத்தான் கண் மூடவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம், நீயும் புனே குளிரில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தங்கச்சிக்கு இருமல் பாதி குறைந்திருக்கிறது, கஷாய டம்ளரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அப்பா கடையில் ஜெராக்ஸ் மிஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. இங்கே நாலு நாளாகச் சாயங்காலம் ஆனால் மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. நீ டியூட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறாயா? பெட்டிக்கு அடியில் வைத்தேன், எடுத்தாயோ என்னவோ.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே ஆனந்தி விஷயத்தைச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. நைட் டியூட்டியில் விடிகாலை நாலு மணிக்கு அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும், அவர் அயர்ந்து தூங்குகிறாரே, எழுப்புவானேன் என்று பாவம் பார்த்து, முன்னால் எழுதியிருந்த அளவையே நீ மறுபடி எழுதிவிட்டாய், நேரமும் கையெழுத்தும் போட மறந்துவிட்டாய். ஏழு மணிக்கு வார்டை ஏற்றுக்கொண்டவள் உன்னோடு நர்சிங் படிக்க வந்த ஆனந்தி, கொஞ்ச நேரத்தில் அவருக்கு உடம்பு கொதிக்கிறது என்று தெரிந்ததும் பார்க்காமலே எழுதியது அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெரியவர் தேறிவிட்டார் என்று நீ சொன்னதும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் புதன்கிழமை ஆனந்தி பிரின்சிபல் முன்னால் போய் நிற்க வேண்டும், ஒரு வருஷம் வீணாகிவிடுமோ என்று அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள், நீ பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு போர்வைக்குள் அழுகிறாய். இவ்வளவையும் கேட்டுவிட்டு உன்னைப் பெற்றவள் நான் என்ன சொன்னேன்? உன்னை யாரும் கேட்காதபோது நீயாகப் போய்த் தலையைக் கொடுக்காதே, பேசாமல் இரு, நாலு நாளில் தானாக அடங்கிவிடும் என்றேன். நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அது எப்படி அவ்வளவு சுளுவாக வாயில் வந்தது என்று யோசித்தேன், காரணம் தெரிந்தது. உன் அப்பாவிடம்கூட இன்று மத்தியானம்தான் சொன்னேன். இந்த வருஷம் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற நம் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். ஜெபமாலை மாதத்தில் தினம் ஒரு வீட்டுக்கு மாதா சுரூபம் போக வேண்டும், புதிதாக ஒரு குடும்பம் வந்ததில் இந்தத் தடவை முப்பத்திரண்டு வீடு ஆகிவிட்டது, அக்டோபருக்கு முப்பத்தொரு நாள்தான். ஏதாவது இரண்டு வீட்டை ஒரே நாளில் சேர்த்தாக வேண்டும். நான் பட்டியலை வைத்துக்கொண்டு யாரைச் சேர்த்தால் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று பார்த்தேன். மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாளே வியாகுலம்மாள், அவள் வீட்டில் பத்துப் பேர் உட்கார இடம் கிடையாது, அவளை டெய்சி வீட்டோடு சேர்த்துவிடலாம், பிறகு போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் பெயரை எழுதாமல் விட்டேன். சொல்லப் போகவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. கேட்க ஆள் இல்லாத வீடு, அதனால்தான் மறக்க முடிந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தேதி சொன்னது டெய்சி. வியாகுலம்மாளுக்குப் போன வருஷம் பத்தாம் தேதி வந்ததாம், இந்த வருஷமும் அதுவாகத்தான் இருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு போட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமந்தி மாலை வாங்கி, நாற்பது பேருக்குச் சுண்டல் அவித்து வைத்திருந்தாள். நாங்கள் மெழுகுவர்த்தியும் பாட்டுமாகச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிப் போகிறோம். மாலையும் கையுமாக நின்றவள் ஏந்தாயி, எங்க வீடு இல்லையா என்றாள். எல்லோரும் நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் ஒருத்தி, டெய்சிதான பேரு சொல்லிட்டு வந்தா, அவளுக்குத்தான் கவனம் ஓரெடத்துல இருக்காதே, விட்டுட்டா போல என்றாள். டெய்சி முகம் செத்துப்போய், எக்கா, லிஸ்ட்டுல இருந்ததத்தானக்கா சொன்னேன் என்று என்னைப் பார்த்தாள். அப்போது நான் செய்ததை உனக்கு எழுதவே கை கூசுகிறது. ஜெபமாலையின் அடுத்த பத்துமணியை எடுத்துவிட்டேன். அருள் நிறைந்த மரியே என்று சத்தமாக நான் ஆரம்பித்ததும் எல்லோரும் கூடவே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டார்கள். யார் தப்பு என்ற பேச்சை மாதாவைக் கூப்பிட்டே அமுக்கிவிட்டேன், பார்த்துக்கொள்.

அன்றைக்குச் செபம் முடிந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டியவளும் நான்தான். தூய ஆவியின் கனிகளை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துப் பேசுகிறோம், அந்த வாரம் நன்னயம், அதாவது நல்லவர்களாக நடப்பது. முதல் நாளே எழுதி வைத்திருந்ததால் தடுமாறாமல் பேசிவிட்டேன், டீச்சருக்குப் படிச்சவ மாதிரியே பேசுற என்று பாராட்டு வேறு. அந்த நேரத்தில் வியாகுலம்மாள் சுண்டல் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு செபம் நடந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மாதா எங்க வீட்டுக்கு வரலேன்னா என்ன, எங்க வீட்டுச் சுண்டல் மாதாகிட்ட வந்துருச்சு, திங்கிறவுக தின்னுங்க என்று சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் இலையில் வைத்தாள். எனக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம்.

நல்லவளாக இருப்பதென்றால் யாருக்கும் கெடுதல் நினைக்காமல், பூசை தவறாமல், கேட்டவருக்கு இல்லை என்னாமல் இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பு நம்முடையது என்று தெரிந்தும் விரல் இன்னொருத்தியைக் காட்டுகிற அந்த ஒரு நொடியில் வாய் திறக்கிறதா மூடுகிறதா, அதில்தான் இருக்கிறது எல்லாம். அந்த நொடிக்கென்று தனியாக நல்ல குணம் வானத்திலிருந்து வந்து இறங்காது, சாதாரண நாளில் பழகியதுதான் அன்றைக்குக் கைகொடுக்கும். கெட்டதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மூடப் பழகிய வாய்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னையும் மூடச் சொன்னது. அது தெரிந்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் மழையோடு மழையாக வியாகுலம்மாளிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி, எப்பவும் நிறுத்தி நிறுத்திச் செபம் சொல்றவ அன்னைக்கு மட்டும் பஸ்ஸு பிடிக்கப் போறவ மாதிரி அம்புட்டு வேகம் என்றாள். எனக்கு அழுகை, அவளுக்குச் சிரிப்பு. முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள், பொறுப்பாளர் வீட்டில் முடிப்பதுதான் வழக்கம், உன் படிப்புக்காக வேண்டிக்கொண்டு அதை நம் வீட்டுக்கு என்று வைத்திருந்தேன். அந்த நாளை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு மனசில்லை, பிள்ளைக்கு வேண்டிக்கிட்டதாச்சே என்றார். மாவு மில்லுக்குப் பின்னால் நின்று வேண்டினால் மாதாவுக்குக் கேட்காதா என்றேன், சரி போ என்றுவிட்டார். டெய்சிதான் லேசில் இளகவில்லை. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னக்கா, நாலு நாளா என் மாமியா என்னைய லிஸ்ட்டு, ஏ லிஸ்ட்டுன்னுல்ல கூப்புடுது என்றாள், உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? எங்கிட்ட தனியாச் சொன்னா போதுமா, அன்னைக்கு எம்புட்டு பேரு இருந்தாக என்றும் கேட்டாள். நாளைக்கு ஏழு மணிக்குச் செபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை. பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவார்களோ, முதுகுக்குப் பின்னால் பேசுவார்களோ என்று இந்த வயதிலும் பயமாக இருக்கிறது.

அதனால் கரையில் நின்று உனக்கு நீச்சல் சொல்லுகிறேன் என்று நினைக்காதே. அடுத்த வாரம் அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் நீயாகப் போய் நாலு மணிக்கு எழுதியது நான் என்று சொல்லிவிடு. தண்டனை வரும், இல்லாமல் போகாது. ஒரு வருஷம் போனால் போகட்டும், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள் நான், தாமதமாகப் படித்து முடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்பாவும் இதையே சொல்கிறார், நான் வந்து பிரின்சிபலைப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார். ரயிலடியில் ஆனந்தி அப்பா காத்தமுத்து என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? எரியோடு ஊர விட்டுத் தாண்டாத பிள்ளைங்க, ஒங்க பிள்ளை கூட இருக்குங்கிற தைரியத்துலதானுங்க அனுப்புறேன் என்று நம் கையில் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே. முதலில் ஆனந்தியிடம் சொல், பிறகு மேலே சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள், உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே, டெய்சியிடம் நான் அதைத்தான் கற்றுக்கொண்டேன். இனிமேல் எந்த நோயாளி தூங்கினாலும் எழுப்பிப் பார், பாவம் பார்ப்பது அதுதான்.

இதோடு பருப்புப் பொடியும் முறுக்கும் வைத்து நாளைக் காலையில் கூரியரில் போடுகிறேன், முறுக்கில் பாதி ஆனந்திக்கு. வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. படுக்குமுன் ஒரு பத்துமணியாவது சொல், நிறுத்தி நிதானமாகச் சொல். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், ஆண்டவர் உனக்குத் தைரியத்தையும் நல்ல சொல்லையும் தரட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். சொன்னாலும் சொல்ல முடியாமல் போனாலும் நீ என் பிள்ளைதான், எதையும் மறைக்காமல் எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஜோஸ்பின் மரியராஜ்