பொருத்தியவர் பெயர்

அன்புள்ள மேடத்துக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். நானும் சின்னவளும் நலம். நீ தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிப் போன மறுநாளே துவைக்கும் மெஷின் மக்கர் பண்ணியது, சரிசெய்துவிட்டேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் நான் வாயைத் திறந்தாலே, "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கம்பெனி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கேன்டீனில் போன வாரம் முழுக்க என் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நம் சாயத் தொழிற்சாலை தண்ணீரைச் சுத்தம்செய்து மறுபடி பயன்படுத்துகிறது என்று போன வருஷம் சுற்றுச்சூழல் தரமதிப்பீட்டுக்காரர்கள் மதிப்பெண்ணை உயர்த்திப் போட்டார்கள். பங்கு விலையும் ஏறியது. போனஸில் பங்கு வாங்கியிருந்த நாங்கள் எல்லோரும் தலைகால் புரியாமல் திரிந்தோம். மறுபடி பயன்படுத்தும் தண்ணீரின் கணக்கு தப்பு என்று, அந்த அறிக்கையைத் தயாரிக்கும் நீயாகவே அவர்களுக்கு எழுதினாய். மதிப்பெண் இரண்டு படி இறங்கியது, விலையும் சரிந்துவிட்டது. "உங்க வீட்டம்மா பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று ஸ்டோர்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

நேற்று அதே ஸ்டோர்காரர் என் மேசைக்கு வந்தார். நம்மிடம் துணி வாங்கும் பெரிய கம்பெனியின் ஆள், "இத்தனை வருஷமா உங்க அறிக்கையப் படிக்காமலே ஃபைல்ல போடுவோம். இந்தத் தடவதான் உக்காந்து படிச்சோம்" என்றாராம். ஆர்டரையும் புதுப்பித்துவிட்டார்களாம். பங்கு விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் மனுஷர் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கணக்கை எடுக்கும் தண்ணீர் மீட்டரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் பின்னால், சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் குழாயில் மாட்டியிருக்க வேண்டும். அந்தச் சந்தில் என் தொப்பை நுழையவில்லை. முன்பக்கம், புதுத் தண்ணீரும் வந்து சேரும் இடத்தில் மாட்டிவிட்டேன். எல்லாத் தண்ணீரும் மறுபயன்பாடு என்றே பதிவானது. நீ வந்து மீட்டரை டார்ச் அடித்துப் பார்த்த அன்றே உனக்குப் புரிந்திருக்கும். இறுக்கிய போல்ட் முனையில் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைக்கிறவன் இங்கே ஃபிட்டர்களில் நான் ஒருவன்தானே. ஆனால் வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தப்பைப் பற்றிய அறிக்கையில் "பொருத்தியவர் பெயர்" என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாய்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் உன்னை வைத்து நடத்தும் விசாரணையில் அந்தக் காலி இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். யாரையோ காப்பாற்றுகிறாய் என்று உன் வேலைக்கே உலை வைப்பார்கள். நீ எழுதிய மற்ற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

இன்று காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. மத்தியானம் மீட்டரையும் பின்பக்கம் மாற்றிவிட்டேன். தோளில் கொஞ்சம் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வருவது வரட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தில் உன் கையாலேயே என் பெயரை எழுதிவிடு. மனசு வராவிட்டால், பக்கத்தில் நான் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுது.

என்றும் உன்,
சிவப்புப் பெயின்ட்காரன்