கில்ரோஸ் தொகுதி: ஒரு முறை தவிர

கில்ரோஸ், ஆல்பர்ட்டா
23 மார்ச் 1993

என் செல்லம் லாரிசாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் கிழட்டு நாயும் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் பனி விழுமுன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் எனக்குத் தினமும் வேண்டுதல். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்கிறார், துவைக்கவாவது கொடுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போன கடிதத்தில் நீ இருமல் என்று எழுதினாய், இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை, போய்விட்டதா இல்லை அம்மா கவலைப்படுவாள் என்று மறைக்கிறாயா, ஒழுங்காக எழுது.

பெரிய செய்தி என்னவென்றால் நம் கில்ரோஸ் தொகுதி இனிமேல் கிடையாது. எல்லைகளைத் திருத்தினார்கள் இல்லையா, நம்மை மூன்று துண்டாக்கி மூன்று பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். எண்பது வருஷம் இருந்தது. எல்லாரும் ஒப்பாரி வைப்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் அசரவில்லை, சரி ஒரு விருந்து போட்டு அனுப்பிவைப்போம் என்றார்கள். ஊர் மண்டபத்தில் போன சனிக்கிழமை விருந்து. தொகுதியின் வரலாற்றை எழுதி வாசிக்க வேண்டும், அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஒரு காலத்தில் தேர்தல் நடத்திய அதிகாரி நீதானே டெக்லா, உன்னை விட்டால் யார் எழுதுவார்கள் என்றார்கள். என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனால் மாப்பிள்ளைக்கும் வாசித்துச் சொல்வாய் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாதே.

1913இல் முதல் தேர்தலுக்கு நின்ற இருவரும் பரம எதிரிகள். வாக்குச்சாவடிக்குப் போகிற வழியில் ஒருவருடைய பனிச்சறுக்கு வண்டி கவிழ்ந்தது, மற்றவர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவ்வளவு தூரம் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வந்துவிட்டு உள்ளே போய்த் தன் பெயருக்கே குறி போட இருவருக்கும் கூச்சமாகிவிட்டது. ஆளுக்கு ஆள் மற்றவன் பெயருக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அதுதான் கில்ரோஸின் வழக்கம். மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், ஆனால் வேட்பாளர் தன் சீட்டில் எதிராளியின் பெயருக்கு எதிரேதான் குறி போடுவார். தலைநகர் எட்மண்டனில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களுக்கெல்லாம் பைத்தியமா என்பார்கள். இருந்தால் இருக்கட்டும். இரண்டு பக்கமும் போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, ஊருக்கு மரியாதை மிச்சம்.

அப்புறம் 1971. தேர்தல் அதிகாரி நான். ஒரு பக்கம் தானியக் கிடங்கு யால்மர். இன்னொரு பக்கம் நின்றிருந்தவர் உடம்புக்கு முடியாமல் விலக, மனுப் போடும் கடைசி நாளில் அவர் இடத்தில் வந்து நின்றது யார், என் கூடப் பிறந்த அண்ணன், உன் ஒரெஸ்ட் மாமா. நான் விலகிக்கொள்கிறேன் என்றேன், அதற்கெல்லாம் நேரமில்லை என்றுவிட்டார்கள். எண்ணி முடித்தால் ஆளுக்கு 2,114. திரும்ப எண்ணினோம், அதே 2,114. சமமாக வந்தால் அதிகாரி ஒரு வாக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும், அதுவும் எல்லார் முன்னாலும். தங்கச்சி அண்ணனுக்குத்தான் போடுவாள் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. நான் யால்மருக்குப் போட்டேன். பயந்து போடவில்லை, நல்ல பேர் வாங்கவும் போடவில்லை. யால்மர்தான் பொருத்தமான ஆள் என்று என் மனசுக்குப் பட்டது. உன் மாமா தங்கமானவர், ஆனால் எதிரே இருப்பவர் வாயைத் திறக்க விடமாட்டார், சட்டமன்றத்தில் போய் யார் பேச்சைக் கேட்கப் போகிறார்.

அன்றோடு மாமா நம் வீட்டு வாசலை மிதிப்பது நின்றது. இரண்டு மைல் தூரம், இருபத்திரண்டு வருஷம். கூடப் பிறந்தவளே காலை வாரிவிட்டாள் என்று ஊர் பேசியது, அவர் அதை மறுக்கவும் இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார், ஏதோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி. உனக்கு அப்போது பதினோரு வயது, நம் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஆறாம் தேதி கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பதார்த்தமும் வைத்த பிறகு, மாமா ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னலை விட்டு நகராமல் கேட்டாய். நான் உன்னை அதட்டி உட்காரவைத்தேன். ஒவ்வொரு வருஷமும் மேசையில் அவருக்கு ஒரு தட்டு வைத்தேன், அது காலியாகவே கிடந்தது. நான் செய்தது சரியா, அண்ணனை அநியாயமாகத் தொலைத்துவிட்டேனா என்று அந்தத் தட்டைக் கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மண்டபம் நிறைய ஜனம், முட்டைக்கோஸ் சுருட்டல் மட்டுமே நாலு அண்டா. யால்மரும் அவர் மனைவியும் முன் மேசையில். உன் மாமாவும் வந்திருந்தார், கோட்டைக் கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுக்குத்தான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசிக்க ஆரம்பித்தேன், அந்தப் பனிச்சறுக்கு வண்டிக் கதைக்கு நல்ல சிரிப்பு. பிறகு, இந்த எண்பது ஆண்டுகளில் கில்ரோஸ் வேட்பாளர் எவரும் தன் பெயருக்குத் தானே குறி போட்டதில்லை என்ற வரியை வாசித்தேன். கதவோரம் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா எழுந்து நின்று, நிறுத்து டெக்லா, அது தப்பு, என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. யால்மரைத்தான் ஏதோ சொல்லப் போகிறார், இங்கேயே கைகலப்பு ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, எழுபத்தொண்ணுல நான் எனக்கே போட்டுக்கிட்டேன், சீட்டைக் கையில வாங்கினதும் ஆசை வந்துடுச்சு, அவ்வளவுதான், என்றார்.

லாரிசா, நீயே கணக்குப் போட்டுப் பார். வழக்கப்படி அவர் யால்மருக்குப் போட்டிருந்தால் மாமாவுக்கு ஒன்று குறைந்து யால்மருக்கு ஒன்று கூடியிருக்கும், சமமே ஆகியிருக்காது, யால்மர் நேராகவே ஜெயித்திருப்பார், என் வாக்குக்கு வேலையே இருந்திருக்காது. யால்மருக்கு எண்பத்து நாலு வயது, காது மந்தம், அவர் மனைவி காதில் கத்திச் சொன்னாள். மண்டபமே மூச்சுவிடாமல் பார்க்க அவர் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டு, அடப்பாவி ஒரெஸ்ட், இதைச் சொல்றதுக்குத் தொகுதியே ஒழிய வேண்டியிருந்துச்சா, என்று கேட்டார். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, மேடையிலேயே அழுதேன், அப்பா வந்துதான் மீதியை வாசித்தார்.

மறுநாள் நான் அடுப்படியில் இருக்கிறேன், பின்கதவு திறக்கிறது, தட்டவில்லை கொள்ளவில்லை, அந்தக் காலத்தில் உன் மாமா வருவாரே அதே மாதிரி உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேல உனக்குக் கோபம்னுதானே நான் நினைச்சுக்கிட்டிருந்தேன், இத்தனை வருஷம் என்னை இப்படி வதைச்சியே அண்ணா, உனக்கு மனசாட்சியே இல்லையா என்று கரண்டியோடு போய் நின்றேன். உன் மேல எனக்கு என்ன கோபம், உன் மூஞ்சியைப் பார்க்க வெட்கம், ஊர் அதைக் கோபம்னு எடுத்துக்கிச்சு, எனக்கும் அது வசதியாப் போச்சு, என்றார். உருளைக்கிழங்கு அடைத்த பைரோகி வைத்தேன், பதினான்கு சாப்பிட்டார். அச்சுக்குப் போகிற தாளைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ‘ஒரு முறை தவிர’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் யால்மருக்குப் போட்டது சரியா தப்பா என்று மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகட்டும், மனசு நிறைந்திருக்கிறது, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இன்றைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறார், அப்பாவோடு பார்லி விதையைப் பற்றி ஓயாமல் வாக்குவாதம். கடிதத்தைத் தானே தபாலில் போடுகிறேன் என்கிறார், அதனால் முடிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் கண்ணும் மனசும் குளிர நீண்ட காலம் வாழ வேண்டும், கடவுள் துணை உங்கள் வீட்டை விட்டு விலகாமல் இருக்கட்டும். இருமலைப் பற்றி எழுது, மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா டெக்லா

லாரிசா கண்ணு, மாமா எழுதுகிறேன். உறையை ஒட்டுமுன் தபால் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். அந்த வருஷம் நீ ஜன்னலில் காத்திருந்தாய் என்று அம்மா நேற்றுதான் சொன்னாள், என்னை மன்னித்துவிடு. வருகிற ஜனவரி ஆறாம் தேதி என் தட்டு காலியாக இருக்காது. இன்னொன்று. உன் அம்மா அன்றைக்குச் சரியான ஆளுக்குத்தான் வாக்குப் போட்டாள். அவளிடம் இதை நானே சொல்ல வேண்டும், கொஞ்சம் தைரியம் வரட்டும். அதுவரை நீ சொல்லிவிடாதே.