லயானின் வாசலில் உங்கள் கொடிகள்

அன்பு கிர்ஸ்தன் அக்கா,

நீங்கள் கண்மூடி ஒரு மாரி போய்விட்டது. நம் ரண்டர்ஸ் ஊரில் மழை அப்படியே இருக்கிறது, என் கோபமும் அப்படியே. அதைக் கொட்ட உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் செவ்வாய்க்கிழமைகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். அகதியாய் வந்திறங்கிய எங்களுக்கு டேனிஷ் சொல்லித்தர எங்கள் குசினிக்கு, அடுப்புக்குப் பக்கத்து மேசைக்கு வந்தீர்களே, அதேபோல சிரியாவிலிருந்து வந்த ரீமாவின் குசினிக்குப் போகிறேன். என் டேனிஷைக் கேட்டு அவள் மகள் லயான் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீங்களும் சிரித்தீர்கள்தானே.

போன மாதம் ரீமாவுக்குக் கடிதம் வந்தது. இனி இங்கே இருக்க அனுமதி இல்லையாம், திரும்பிப் போகட்டுமாம். மேல்முறையீடு போட்டிருக்கிறோம். லயான் பிறந்ததே இந்த ஊரில், அவள் எங்கே திரும்புவது?

போன சனிக்கிழமை அவளுக்கு ஏழாவது பிறந்தநாள். நீங்கள் தந்துவிட்டுப் போன கொடிப்பெட்டியை எடுத்தேன்.

நினைவிருக்கிறதா? என் மகளின் முதல் பிறந்தநாள் காலை, எங்களுக்குச் சொல்லாமலே தெருப் படலையிலிருந்து வாசல்வரை சின்னச் சின்ன டென்மார்க் கொடிகளை நட்டுவிட்டீர்கள். என் கணவர் யன்னலால் பார்த்து வெளிறிப்போனார். "ஆரோ எங்கட வீட்டைக் குறிச்சிட்டாங்கள்." வாசலில் அடையாளம் வைத்தால் அடுத்தது என்ன நடக்கும் என்று போர்க்காலத்தில் ஊரில் பார்த்தவர் அவர். ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டார். கேக்கோடு வந்த நீங்கள் திகைத்து நின்றீர்கள். பிறந்தநாளுக்கு இங்கே கொடி வைப்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது! அவர் பயந்த காரணம் விளங்கியதும் அழுதீர்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப நட்டீர்கள். "இது அரசாங்கத்தின் கொடி இல்லை, பிள்ளையின் கொடி" என்றீர்கள்.

சனிக்கிழமை அவர்கள் வாசலில் நான் நட்டதை ரீமாவும் பிடுங்கத்தான் வந்தாள். எங்களை வேண்டாம் என்கிற நாட்டின் கொடி எதற்கு என்று கேட்டாள். நான் உங்கள் வசனத்தைத்தான் சொன்னேன். பிடுங்கிய ஒரு கொடியின் மண்ணைத் தட்டினாள். பிறகு தானே நடத் தொடங்கினாள், நான் நட்டதெல்லாம் கோணலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டி, போகப்போகிறவர்களுக்கு ஏன் இந்தக் கொண்டாட்டம் என்றார். போகிறார்கள் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போனது, மன்னியுங்கள். சீ, மன்னிக்கவும் வேண்டாம்.

முடிவு இன்னும் வரவில்லை. எது வந்தாலும் அடுத்த வருடமும் நடுவேன், அக்கா. அவளைக் கொண்டுபோக எவராவது வருவதென்றால், அந்தக் கொடிகளுக்கு நடுவால் நடந்து வரட்டும்.

உங்கள் கூடப்பிறவாத் தங்கச்சி,
மலர்