அப்பாவின் எண்ணிக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் சௌக்கியமா? உங்க மூச்சிரைப்பு குறைஞ்சுதா? தேர்வுப் போட்டி முடியறவரைக்கும் ஹாஸ்டல்ல போனை வாங்கி வெச்சுட்டாங்க. அதான் லெட்டர்.

போன வாரம் உயரம் தாண்ட ஓடி வந்தப்ப, ஆறாவது அடியில கணுக்கால் லேசா பிசகிடுச்சு. வீக்கம் வடிஞ்சுடுச்சு, அம்மாகிட்ட சொல்லாதீங்க. போட்டிவரைக்கும் ஓடக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டார். அதுக்குப் பதிலா தினமும் கட்டில்ல படுத்துக் கண்ணை மூடி, எட்டு அடி எடுத்து வெச்சு ஓடி கம்பியைத் தாண்டறதை மனசுக்குள்ள பார்க்கணுமாம். அங்கதான் சிக்கல். மனசுக்குள்ளயும் ஆறாவது அடியில கால் நின்னுடுது. "தாண்டிட்டியா?"ன்னு கேட்கிறார். "தாண்டிட்டேன் சார்"னு அஞ்சு நாளா பொய் சொல்றேன். தேர்வாகலேன்னா பெட்டியோட வீட்டுக்குத்தான்.

நேத்து உங்க குரல்ல எண்ணிப் பார்த்தேன். சின்ன வயசுல என்கூடவே ஓடி வந்து எண்ணுவீங்களே, அஞ்சு சொன்னதும் மூச்சு வாங்கும், ஆறு வாயில வராது, நேரா ஏழுக்குப் போயிடுவீங்க. நானும் கேலி பண்ணுவேன். நேத்து மனசுக்குள்ள அப்படியே ஓடினேன், கால் நிக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தேன். ஒரே ஒரு தடவைதான். இன்னிக்கு உங்க குரல் சரியா ஞாபகம் வரல.

என் நீல சாக்ஸ் அலமாரியில இருக்கும், அனுப்புங்க. மணி அடிச்சுட்டாங்க, கோச் வர்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. அப்ப எங்க இருந்தாலும் ஒரு தடவை சத்தமா எண்ணுங்கப்பா. ஆறை மட்டும் சொல்லிடாதீங்க.

உங்க மக